யெத்தெரின் அறுபத்தொரு செல்லாத ஓட்டுகள்

யெத்தெர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்ன அன்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பொய். நான் மாவில் கை வைத்து இருபது வருடம் ஆகிறது. பிசைய இயந்திரம் இருக்கிறது, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, ஆளைப் பார்த்துக்கொள்ள என் மருமகன் இருக்கிறான். மருமகனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் தினமும் பட்டறைக்குப் போகிறேன்.

என் பெயர் மெவ்லூதே. மக்காவுக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் கைசேரி நகரத்தில் பாதிப் பேர் ஹாஜி அக்கா என்கிறார்கள், மீதிப் பேர் முதலாளியம்மா என்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முப்பத்தொரு வயதில் விதவையானபோது கையில் ஒரு சல்லடையும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தன, வேறொன்றும் இல்லை. இன்று அங்காராக் கடைகளின் குளிர்ப்பெட்டிகளில் என் பெயர் போட்ட பொட்டலம் கிடக்கிறது. எங்கள் ஊர் மான்ட்டி தெரியுமல்லவா? நகத்தளவு மாவுச் சதுரத்தில் மிளகளவு கொத்துக்கறி வைத்து, நான்கு முனையையும் சேர்த்துக் கிள்ளி மூடுவது. ஒரு கரண்டியில் நாற்பது நிற்க வேண்டும். அதை உறையவைத்து விற்கலாம் என்று எங்கள் பேட்டையில் முதலில் யோசித்தவள் நான். மான்ட்டியைக் காசு கொடுத்து வாங்குகிற வீடும் ஒரு வீடா என்று அன்று சிரித்தவர்கள் இன்று என் பொட்டலத்தைப் பின்கதவு வழியாக வாங்கிக்கொண்டு போய், விருந்தாளியிடம் நானே செய்தது என்கிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை. காசு வந்துவிட்டது.

ஆனால் இது என் கதை அல்ல. என் கதைக்குத் தனிப் புத்தகம் வேண்டும். இது யெத்தெரின் கதை.

யெத்தெர் என்றால் போதும் என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும் அப்பன் வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

என்னிடம் மான்ட்டி மூடும் பெண்கள் இருபத்துமூன்று பேர். யாரும் பட்டறைக்கு வருவதில்லை. காலையில் என் வேன் வீடு வீடாக மாவையும் கறியையும் இறக்கும், மாலையில் தட்டுகளை எடுத்துவரும். எடைக்குக் கூலி. அந்த இருபத்துமூன்று பேரில் யெத்தெரின் விரலுக்கு நிகர் கிடையாது. அவள் மூடுவதைப் பார்த்தால் ஏதோ ரகசியத்தை அவசரமாக மறைப்பதுபோல் இருக்கும். வாயும் அதே வேகம். அந்த வாயைத்தான் கட்சி பிடித்துக்கொண்டது.

பதினெட்டு வருடமாக அவள் கட்சியின் மகளிர் அணியில் இருந்தாள். இந்தக் கட்சியை ஆட்சியில் உட்காரவைத்தது மேடையில் முழங்கிய ஆண்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் சிஃப்தெக்கூயு பேட்டைக்கு ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். நான்கைந்து பெண்களாகக் கதவைத் தட்டுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய், டீ குடித்து, கிழவியின் முழங்கால் வலியைக் கேட்டு, பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்து, எழுந்திருக்கும்போதுதான் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள். ஆண் ஒருவன் இந்த வீடுகளின் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. எந்த வீட்டில் அடுப்புக்கு நிலக்கரி இல்லை, எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் தேடுகிறார்கள், எல்லாம் யெத்தெரின் தலையில் இருந்தது. மேலிடம் சொன்னதைச் சொல்வதிலும் அவள் கெட்டி.

"பொம்பளைக்கு வேலையும் வேணும், குடும்பமும் உடையக்கூடாது. அதுக்குத்தான் நம்ம கட்சி வேலையை வீட்டுக்கே கொண்டாந்துருக்கு. பிள்ளை கண்ணு முன்னாடி, சோறு அடுப்பு மேல, கூலி கையில. என்னைப் பாருங்க" என்பாள்.

அவள் கையில் வந்த கூலி என்னுடையது. கட்சி சொன்னது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இருபத்துமூன்று பேரை ஒரு கூடத்தில் உட்காரவைத்தால் கூடத்துக்கு வாடகை, குளிருக்கு அடுப்பு, மதியச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேல் ஓய்வூதியக் காப்பீடு. வீட்டில் உட்கார்ந்தால் மேசை அவர்களுடையது, விளக்கு அவர்களுடையது, இடுப்பு வலியும் அவர்களுடையது. அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். வியாபாரி பொய் சொன்னால் கடை நிற்காது.

யெத்தெருக்கு நாற்பத்தேழு வயது ஆனபோது மாமியார் இறந்துபோனாள். எட்டு வருடம் படுக்கையில் கிடந்தவள். அவளைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டியதற்காக அரசு மாதாமாதம் யெத்தெருக்கு ஒரு பராமரிப்புப் பணம் கொடுத்தது. கிழவி வியாழக்கிழமை போனாள். அந்த மாதத்தோடு பணமும் போனது. யெத்தெர் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், இந்த எட்டு வருடமும், எனக்காக மான்ட்டி மூடிய இருபத்தைந்து வருடமும் எத்தனை நாளாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டாள். பூச்சியம் என்றார்கள். ஒரு நாள்கூட இல்லை. இப்போது தொடங்கிப் பதினைந்து வருடச் சந்தா முடித்தால்தான் கிழவியாகும்போது கையில் சொந்தமாக ஒரு ஓய்வூதியம் இருக்கும். அவளுடைய புருஷன் சித்திக் பழைய துணி ஆலையில் இருந்தவன். ஆலையை மூடியதும் கொடுத்த சின்ன ஓய்வூதியத்தோடு டீக்கடையில் குடியேறியவன். நல்லவன்தான். ஆனால் அவனிடம் கை நீட்டி ஒரு ஜோடி காலுறை வாங்க வேண்டுமென்றாலும் இரண்டு நாள் முன்னுரை சொல்ல வேண்டும்.

அந்த வாரமே பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சமாச்சாரம். நான் முக்தாருக்கு நிக்கப்போறேன்."

முக்தார் என்றால் பேட்டைத் தலைவர். குடியிருப்புச் சான்று, ஏழைகள் பட்டியல், சாக்கடை அடைப்பு எல்லாம் அவர் கையில்.

"கிறுக்காடி உனக்கு? ஜெவ்தெத் நாலு தடவையா உக்காந்துருக்கான். நாற்காலியே அவன் பின்னாடி வீட்டுக்குப் போகுது."

"பாவம் அக்கா அந்த நாற்காலி. கொஞ்சம் ஓய்வு குடுப்போம்."

"எதுக்குடி உனக்கு இந்த வம்பு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "முக்தாருக்குச் சம்பளம் உண்டு. அது கிடக்கட்டும். காப்பீட்டுச் சந்தாவை அரசாங்கமே கட்டுது அக்கா. மூணு தடவை ஜெயிச்சா எனக்குப் பதினஞ்சு வருஷம்."

அப்போதே நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். என்னிடம் பதிவு கேட்பதைவிடப் பேட்டை முழுவதையும் ஜெயிப்பது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

முக்தார் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் கட்சிக்கு ஆள் உண்டு. ஜெவ்தெத் வீட்டுமனைத் தரகன். கட்சியின் வட்டாரத் தலைவர் ஃபெவ்ஸியும் அவனும் சேர்ந்து மனை பார்க்கப் போகிறவர்கள். செய்தி காதில் விழுந்த மறுநாளே ஃபெவ்ஸி என் பட்டறைக்கு வந்தார். நல்ல கோட்டு, நல்ல தொப்பை, சர்க்கரை போட்ட பேச்சு.

"ஹாஜி அக்கா, நோன்பு வருது. கூடாரத்துல நோன்பு திறக்கிற சாப்பாட்டுக்கு இந்தத் தடவை மான்ட்டி போடலாம்னு நகராட்சியில பேச்சு. ஊர்ல மான்ட்டின்னா உங்க பேருதான் வருது."

"வரத்தானே செய்யும். ஒரு கரண்டிக்கு நாற்பது."

"அதுக்கில்ல. யெத்தெர் தங்கச்சி நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. அதுக்கு யாரோ தப்பா யோசனை சொல்லிருக்காங்க. முக்தார் வேலைன்னா போலீஸ் கூப்பிடும், குடிகாரன் சண்டைக்குப் போகணும். பொம்பளைக்கு எதுக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

நான் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்பது உண்மை. அதனால் அன்று மாலையே நானே நடந்து போனேன், வேனில்கூடப் போகவில்லை. யெத்தெர் அடுப்படியில் என்னுடைய தட்டில் என்னுடைய மாவை மூடிக்கொண்டிருந்தாள். சித்திக் அடுப்போரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க ஹாஜி அக்கா. நீங்களாவது சொல்லுங்க" என்றான் சித்திக். "டீக்கடையில இப்பவே என்னை முக்தார் பெண்டாட்டின்னு கூப்பிடுறானுங்க."

"உனக்கு அந்தச் சம்பளமும் கிடையாதே" என்றாள் யெத்தெர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் என் வழக்கப்படி நேராகப் பேசினேன். "இங்க பாருடி. ஃபெவ்ஸி வந்தாரு. நில்லாதேங்குறாரு. பதினெட்டு வருஷமா அவங்களுக்காக அலைஞ்சிருக்க. இப்ப எதிர்த்து நின்னா எல்லாம் மண்ணாயிடும்."

"நான் யாரை எதிர்க்கிறேன் அக்கா? ஓட்டை நம்ம கட்சிக்குத்தான் போடுவேன். மேயருக்குக் கட்சி, முக்தாருக்கு யெத்தெர். இதே பேட்டையில எத்தனை கதவு தட்டிருக்கேன். எத்தனை பேரை ஜெயிக்க வச்சிருக்கேன். ஒரு தடவை எனக்காகத் தட்டினா கதவு உடைஞ்சிடுமா?"

"பொம்பளைக்கு எதுக்குன்னு கேக்குறாரு."

அவள் கை நின்றது. நான் பார்த்து அவள் கை நின்றது அதுதான் முதல் தடவை. "கதவு தட்டையில நான் பொம்பளைன்னு அவருக்கு ஞாபகம் வரலையாமா? நீங்க சொல்லுங்க அக்கா. முப்பத்தொரு வயசுல சல்லடையை எடுத்துக்கிட்டு நீங்க தெருவுல இறங்கையில உங்களையும் இப்படித்தானே கேட்டாங்க?"

கேட்டார்கள். என் மாமனார் கேட்டார், மதரசாக்காரர் கேட்டார், பிறகு வங்கிக்காரன்கூடக் கேட்டான். நான் அவர்கள் மூவருக்கும் பதில் சொன்னதைப் பேட்டையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். யெத்தெர் மறுபடியும் மூட ஆரம்பித்தாள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஃபெவ்ஸியிடம், சொன்னேன், கேட்கவில்லை என்றேன். நகராட்சி மான்ட்டி எனக்கே வந்தது. என் மான்ட்டி இல்லாமல் வேறு யார் மான்ட்டி?

இனிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேயருக்கு ஓட்டுப்போட அரசு அச்சடித்த தாள் உண்டு, முத்திரை குத்த வேண்டும். முக்தாருக்கு அது கிடையாது. வேட்பாளரே தன் பெயரைச் சின்னச் சீட்டில் அச்சடித்து ஓட்டுப் போடும் மறைவில் அடுக்கி வைப்பார். பிடித்தவர் சீட்டை எடுத்து உறைக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மறைவில் வைத்த சீட்டுக்குக் கால் முளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிராளியின் ஆள் உள்ளே போனால் அடுக்கு முழுவதும் அவன் சட்டைப்பையில் போய்விடும். அதனால் கெட்டிக்கார வேட்பாளர்கள் முன்பே வீடு வீடாகச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள்.

யெத்தெர் அந்தப் பிப்ரவரிப் பனியில் எல்லா வீட்டுக்கும் போனாள். எர்ஜியஸ் மலையிலிருந்து காற்று காதை அறுக்கும் மாதம் அது. சீட்டில் அவள் படம், தலைத்துணி ஒழுங்காகக் கட்டி, பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு எடுத்ததுபோல் விறைப்பாக. கட்சி வேலையில் பழகிய வழக்கப்படி ஒவ்வொரு பெண்ணிடமும் வாக்கு வாங்கினாள்.

"என் சீட்டை உறைக்குள்ள போடுவேன்னு சொல்லு."

"போடுறேன் அக்கா."

"ரொட்டி மேல கை வச்சு."

"ரொட்டி மேல கை வச்சுச் சொல்றேன், போடுறேன்."

எங்கள் பக்கம் ரொட்டிமேல் கைவைத்துச் சொன்ன வார்த்தையை உயிர் போனாலும் மீறமாட்டார்கள். யெத்தெர் எண்ணிப் பார்த்து, அறுநூறு தாண்டிவிட்டது என்றாள். அவளுடைய புருஷன்கூட மெதுவாக மாறினான். டீக்கடையில் ஒருவன் கேலி செய்தபோது, "ஆமாடா, முக்தார் பெண்டாட்டிதான். உன் குடியிருப்புச் சான்று நாளைக்கு என் வீட்டு அடுப்படியிலதான் கையெழுத்தாகும், ஞாபகம் வச்சுக்க" என்றானாம். அதைச் சொல்லும்போது யெத்தெருக்குக் கண் பளபளத்தது. கல்யாணமான புதிதில்கூட அவன் அவளுக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தேர்தல் நோன்பு மாதத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட முற்றம். நோன்பு என்பதால் டீ இல்லை, சிகரெட் இல்லை. அதனால் எல்லோருக்கும் வாய் மட்டும் ஓய்வாக இருந்தது. சட்டப்படி அன்று யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. யெத்தெர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெண்ணும் வெளியே வரும்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். என் ஓட்டும் அவளுக்குத்தான். நான் யாருக்கும் பயந்தவள் அல்ல. ஆனால் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை.

மதியத்துக்கு முன் குலேசர் வந்தாள். என்னிடம் மான்ட்டி மூடுகிறவள், யெத்தெரின் அடுத்த தெரு, சாது. ஓட்டுப் போட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக எங்களிடம் வந்தாள்.

"போட்டுட்டேன் யெத்தெர் அக்கா. சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டேன்."

"நல்லா இரு தங்கச்சி."

"அவரு வார்த்தையையும் காப்பாத்திட்டேன்."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரரு. காலையில ஜெவ்தெத் சீட்டைக் கையில குடுத்து, இதைத்தான் போடணும்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? ரெண்டையும் போட்டுட்டேன். யாரு மனசும் நோகல பாருங்க."

யெத்தெர் சுவரில் சாய்ந்தாள்.

"ஏன்டி, ரெண்டு சீட்டு போட்டா செல்லாதுடி!" என்றேன் நான்.

"எது செல்லாது?"

"ரெண்டும்தான்!"

குலேசரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ரொட்டி மேல கை வச்சுச் சொன்னது செல்லாம எப்படிப் போகும் ஹாஜி அக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

பிரச்சினை புரிகிறதல்லவா? பதினெட்டு வருடமாக யெத்தெர் கேட்டது முத்திரை ஓட்டு. அதில் ஒருத்தருக்குக் குத்தினால் இன்னொருத்தருக்கு இல்லை. புருஷனிடம் ஒன்று சொல்லிவிட்டு மறைவில் வேறு குத்தலாம். சீட்டு அப்படியல்ல. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் காலையில் புருஷன் ஒரு சீட்டைக் கொடுத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான், அதற்கு முன்பே யெத்தெர் ஒரு சீட்டைக் கொடுத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "வேற எதையும் போடாதே" என்று இருவருமே சொல்லவில்லை. எங்கள் பெண்கள் நாணயமானவர்கள்.

யெத்தெரால் போய்ச் சொல்ல முடியாது. வாசலில் போலீஸ். வாயைத் திறந்தால் ஓட்டுக் கேட்டதாக எழுதிவிடுவார்கள். மதியம் முழுவதும் அவள் அந்தச் சுவரோரம் நின்று, பெண்கள் கண்ணடித்துக்கொண்டே உள்ளே போவதையும் சிரித்துக்கொண்டே வெளியே வருவதையும் பார்த்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் முகம் ஒரு சுற்று இளைத்தது. நான் என் வாழ்க்கையில் வங்கி ஏலம் பார்த்திருக்கிறேன், அடுப்பு வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தனை அன்பு ஒருத்தியைக் கொல்வதை அன்றுதான் பார்த்தேன்.

எண்ணிக்கை எல்லோர் முன்னாலும் நடக்கும். உறையைப் பிரித்துச் சீட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். ஜெவ்தெத். யெத்தெர். யெத்தெர். ஜெவ்தெத். பிறகு ஒரு உறையிலிருந்து இரண்டு சீட்டு, முகத்தோடு முகம் ஒட்டி, கல்யாணப் படம்போல.

"செல்லாது."

சித்திக் துள்ளி எழுந்தான். "ஏன் செல்லாது? அந்தா என் பெண்டாட்டி தெரியுறாள்ல!"

"பக்கத்துல ஜெவ்தெத்தும் தெரியுறாரு ஐயா" என்றார் எண்ணுகிற அதிகாரி.

"அந்தாளு எப்பவுமே கூப்பிடாத இடத்துல வந்து உக்காருற ஆளு!"

கூட்டம் சிரித்தது. ஜெவ்தெத்தும் சிரித்தான், அவனுக்கென்ன. முடிவில் ஜெவ்தெத்துக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு, யெத்தெருக்கு ஐந்நூற்று முப்பத்தொன்பது. இரட்டைச் சீட்டு அறுபத்தொன்று. ஒன்பது ஓட்டில் போனது. யெத்தெர் அழவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, நோன்பு திறக்க நேரமாகிவிட்டது, சூப்பை அடுப்பில் வைக்கவில்லை என்று சொல்லி நடந்தாள். சித்திக் அவள் பின்னால் ஓடி, அவள் பையை வாங்கித் தூக்கிக்கொண்டான். அதைக் கண்ட டீக்கடைக் கூட்டத்தில் ஒருவரும் கேலி செய்யவில்லை.

மூன்று நாள் கழித்து நகராட்சிக் கூடாரத்தில் நோன்பு திறக்கும் விருந்து. என் மான்ட்டி, தயிரும் பூண்டும் மேலே புளிப்புப் பொடியும் தூவி, முந்நூறு தட்டு. அன்று பேட்டைப் பெண்களுக்குத் தனி மேசைகள். யெத்தெரும் வந்திருந்தாள், என்னிடம் மூடும் மற்ற இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்களே மூடிய மான்ட்டியை அவர்களே விருந்தாளியாகச் சாப்பிட்டார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், சூப்பு. வயிறு நிறைந்ததும் ஃபெவ்ஸி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தேர்தல் முடிஞ்சுது, மனஸ்தாபமும் முடிஞ்சுது. யெத்தெர் தங்கச்சி எப்பவும் நம்ம தங்கச்சிதான். அதோட உழைப்பைக் கட்சி மறக்கல. இன்னையிலேர்ந்து யெத்தெர்தான் நம்ம வட்டார மகளிர் அணித் தலைவி!"

கைதட்டல். யெத்தெரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள், மேடைக்குப் போகாமல் நின்ற இடத்திலிருந்தே பேசினாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"ரொம்ப நன்றி தலைவரே. ஒண்ணு கேக்கலாமா? இதுல காப்பீடு உண்டா?"

ஃபெவ்ஸி சிரித்தார். "சேவைக்கு எதுக்கு தங்கச்சி காப்பீடு? இதுக்குக் கூலி மறுமையில."

"மறுமைக்கு நோன்பு வச்சிருக்கேன், தொழுதிருக்கேன், உங்க மாமியாருக்கும் சேர்த்து துஆ கேட்டிருக்கேன். எனக்கு இப்ப வேண்டியது இந்த உலகத்துல பதினஞ்சு வருஷம். அது இல்லைன்னா அந்தப் பதவியை ஜெவ்தெத் வீட்டம்மாவுக்குக் குடுங்க. சும்மாதானே இருக்காங்க."

பெண்கள் மேசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும். ஃபெவ்ஸியும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். யெத்தெர் இன்னும் உட்காரவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஹாஜி அக்கா. உங்ககிட்ட உண்டா?"

முந்நூறு கரண்டிகள் நின்றன. அத்தனை பேருக்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஆயிரம் பதில் நாக்கில் வந்தது. வீட்டிலிருந்து மூடுகிறவர்களுக்கு ஊரில் எந்த முதலாளியும் கட்டுவதில்லை; மாவு விலை ஏறிவிட்டது; என் கணக்கனிடம் கேட்க வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் மெவ்லூதே ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்து பிழைத்தவள் என்று இனி யாரும் சொல்லக்கூடாது அல்லவா? சல்லடையோடு தெருவில் இறங்கியவள் நான். ஃபெவ்ஸி சங்கடமாகச் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இந்தப் பெண்ணை அடக்கு என்றது அந்தப் பார்வை. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"உண்டு. நாளைக்குக் காலையில அடையாள அட்டையோட பட்டறைக்கு வா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, அவள் பக்கத்திலிருந்தவள், "எனக்கும் ஹாஜி அக்கா" என்றாள். அதற்கடுத்தவள், "எனக்கு இல்லையா? நான் பதினாலு வருஷம்" என்றாள். மேசை மேசையாக எழுந்தார்கள். குலேசர் வாயில் மான்ட்டியோடு கையை மட்டும் தூக்கினாள். இருபத்திரண்டு கைகள், யெத்தெரோடு இருபத்துமூன்று. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, என் கைகள் எனக்குத் தெரியும். யெத்தெர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம். அவள் எதிர்பார்த்திருந்தால் அன்று நான் அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்திருக்க மாட்டேன்.

நான் எழுந்து நின்றேன். "எல்லாரும் வாங்க. ஆனா ஒண்ணு. பட்டறையில கூடம் போடுறேன், அங்க வந்து மூடணும். ஒரு கரண்டிக்கு நாற்பது. முப்பத்தஞ்சு நின்னா அனுப்பிடுவேன்."

"உங்க பொட்டலத்துல முப்பத்தெட்டுதான் நிக்குதாம் அக்கா, அங்காராவுல சொல்றாங்க" என்றாள் யெத்தெர்.

இப்படிப்பட்டவளைத்தான் நான் சந்தா கட்டி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை கணக்கன் கணினி முன்னால் உட்கார்ந்தான். படித்த பையன், கழுத்துப்பட்டை எல்லாம் உண்டு. யெத்தெரின் அடையாள எண்ணைத் தட்டினான்.

"முன்னாடி செஞ்ச வேலை எதுவும் காட்டல. இல்லைன்னு போடுறேன்."

"இல்லையா? இருபத்தஞ்சு வருஷம் மான்ட்டி மூடினேனே. எட்டு வருஷம் மாமியாரைத் தூக்கினேனே."

"கணினியில இல்லம்மா."

யெத்தெர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்தக் கதையில் நான் பெருமைப்படாத இடம் இது ஒன்றுதான், அதனால் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன்.

"சரி தம்பி, போடு. நான் இன்னிக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன்" என்றாள் அவள். கையெழுத்தைப் பெரிதாக, கோட்டுக்கு வெளியே போகும்படி போட்டாள். வாசலில் நின்ற சித்திக்கிடம் தாளைக் காட்டினாள். அவன் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தான்.

அடுத்து குலேசர் உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

"தம்பி, இது பதிவானா வீட்டுக்குக் கடிதம் எதுவும் வருமா?"

"வராது. போன்ல செய்தி வரும்."

"யாரு போன்ல?"

"உங்க போன்லதான்."

குலேசர் திரும்பி வாசலைப் பார்த்தாள், யெத்தெரைப் பார்த்தாள், பிறகு அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"அப்ப எழுதுங்க."